எழிலரசியின் ஸ்பெல்லிங்

பதினாலு வருஷம் துறைமுகக் கேட்டில் நின்று
கன்டெய்னர் முதுகைப் படித்தவன் நான்.
நாலு எழுத்து, ஏழு எண்.
லாரி நகரும்போதே
வாய் படிக்கும், கை எழுதும்.
தப்பியது மூன்று முறை.
மூன்றும் மழையில்.

கண்ணில் பிரஷர் என்றார்கள் எழும்பூரில்.
ஓரத்திலிருந்து அரித்துக்கொண்டு வந்தது,
நடுவில் காசு அகலம் மிஞ்சி
ஒரு பொங்கலுக்குள் அதுவும் போனது.

இப்போது ஒரே ஒரு எண்ணைத் தேடிக்
கட்டைவிரல் அலைகிறது.

ஐந்தின் மேல் கடுகளவு மேடு.
"அதான் மணிக்கூண்டுன்னு வெச்சுக்கங்க.
மேல ரெண்டு, கீழ எட்டு.
வழி தவறிட்டா பதறாதீங்கண்ணே,
அஞ்சுக்கு வந்துடுங்க."
ஜெசிந்தாவுக்குப் பிறவியிலிருந்தே இப்படித்தான்.
பாரிஸில் ஒரு பேங்கில் போன் எடுக்கிறாள்.
கொருக்குப்பேட்டை ஸ்டேஷன் பெஞ்சில்
அவள் ரயில் வரும்வரை எனக்கு வகுப்பு.
கும்மிடிப்பூண்டி வண்டி லேட்டானால்
இரண்டு பாடம்.

அவள் போன் பேசுவது
தகரக் கூரையில் பட்டாணி கொட்டியதுபோல்.
அதிலேயே மேனேஜர் திட்டு, பேலன்ஸ்,
தம்பி கேட்ட ரீசார்ஜ் எல்லாம் பிரித்தெடுக்கிறாள்.
என்னுடையதை
ஆக மெதுவில் வைத்தாள்.
தூக்க மாத்திரை போட்ட வெள்ளைக்காரி மாதிரி
அது
எ... ன்... ட... ர்...
என்றது.

ராத்திரி போர்வைக்குள் பழகினேன்.
சரவணன் வீட்டில் யாரோ இங்கிலீஷ் பொம்பளை
என்று எதிர்வீட்டு மோசஸ் கிளப்பிவிட்டான்.
எழிலரசி சிரித்தாள்.
சிரித்துவிட்டு,
"மொதல்ல என் நம்பரை ஏத்து" என்றாள்.

இ-க்கு மூன்றை இரண்டு தட்டு.
இஜட்டுக்கு ஒன்பதை நாலு.
ஹெச்சும் ஐயும் ஒரே வீடு, நாலாம் பொத்தான்.
ஹெச் போட்டதும் ஒரு மூச்சு பொறுக்கணும்.
பொறுக்காமல் தட்டினால்
ஜி வந்து உட்கார்ந்துகொள்ளும்.
ஒரு மூச்சு எவ்வளவு நேரம்?
எனக்கு அது பிடிபடவே மூன்று நாள்.

முழுசாக ஏற்றி, சேவ் செய்து, கேட்டேன்.
"ஈஸ்ஹில ரேசி" என்றது.

அப்படி ஒருத்தியை எனக்குத் தெரியாது.

எழுத்தை மாற்றினேன்.
முன்னால் ஒய் போட்டேன், இஜட்டைத் தூக்கினேன்.
"யெஹிலரேசி."
ஏ இருந்த இடமெல்லாம் யூ.
எஸ் இன்னொன்று, கடைசி ஐக்கு இன்னொரு ஒய்.
ரயில்வே கேட் மூடியிருந்த நேரமெல்லாம்
இதே வேலை.
ஒரு பெயரை எத்தனை விதமாகத் தப்பாக எழுதலாமோ
அத்தனையும் எழுதினேன்.
கன்டெய்னரில் ஒரு எழுத்து பிசகினால்
சரக்கு சிங்கப்பூரிலேயே கிடக்கும்.
அந்தக் கை இது.

வியாழக்கிழமை சாயங்காலம்
மணலிப் பக்கமிருந்து காற்று நாறியபோது
வெள்ளைக்காரி தெளிவாகச் சொன்னாள்:
"யெரிலரசி."

ழ மட்டும் அவளுக்கு வராது.
நூறு தட்டு தட்டினாலும் வராது.
அது என் பங்கு என்று விட்டுவிட்டேன்.

போனை வாங்கிப் பார்த்த எழிலரசி
எழுத்தெழுத்தாய் வாசித்தாள்.
"யெ...ரி...லு...ரு...ஸ்ஸி.
நான் இன்னா ரஷ்யாக்காரியா?
நாலாங்கிளாஸ் புள்ள கூட
ஒழுங்கா எழுதும்யா."
காதில் வைத்துக் காட்டலாம் என்று பார்த்தேன்.
அதற்குள் குக்கர் கூப்பிட்டுவிட்டது.

நேற்று எண்ணூர் நெடுஞ்சாலை.
வரிசையில் நின்ற லாரிகள் உறுமிக்கொண்டிருக்க
டீக்கடை ஓரம் ஒதுங்கி நின்றேன்.
சட்டைப்பையில் அடித்தது.
பச்சைப் பொத்தானுக்கு விரல்
எப்போதோ போய்விட்டது.
"யெரிலரசி காலிங்" என்றது போன்.
ழ, என்றேன் நான்.
"யெரிலரசி காலிங்."
ழ.
"யெரிலரசி காலிங்."

எடுத்ததும் கத்தினாள்:
"எடுக்க இவ்ளோ நேரமா?"

பொத்தான் சிக்கலைம்மா, என்றேன்.