மணற்காட்டுக்கு ஓர் ஒத்திகை

மூன்று நாள் லீவுக்கு எழுதிக் கொடுத்தேன்.
காரணம் என்ற இடத்தில்
'குடும்பத்துடன் கூடாரமடித்துத் தங்க' என்று போட்டதை
எஞ்சினியர் இரண்டு தரம் வாசித்தார்.
"எங்கை?"
"மணற்காடு சேர். சவுக்கங்காட்டுக்குள்ளை."
"அங்கை கறண்ட் இல்லையே."
"அதுதான் சேர்."

பதினெட்டு வருசம் கம்பத்தில் ஏறியவன் நான்.
மழை இரவில் நீர்வேலிச் சந்தி இருண்டால்
முதல் வெளிச்சம் என் கைபேசியில்தான் வரும்.

கூடாரம் ஸ்காபரோவில் இருந்து மச்சான் அனுப்பியது.
உறையில் பனிமலை, ஏரி, மஞ்சள் நாய்.
ஹோலுக்குள் விரித்துப் பார்த்தோம்,
ஒரு மூலை சாமியறைக்குள் போய்விட்டது.
கட்டி முடிந்தபின் ஒரு தடி மிச்சம்.
எதற்கென்று இன்னும் தெரியாது.

பட்டியல் பிரிட்ஜ் கதவில் தொங்கியது.
நளாயினியின் எழுத்தில்:
நுளம்புத்திரி, உப்பு, சித்தாலேப்பை, வறுத்த மா.
கீழே யதுசாவின் எழுத்தில்: ஃபான்.
அதை வெட்டி, சின்ன ஃபான்.
கீர்த்தனன் ஒன்றும் எழுதவில்லை.
இரண்டு பவர்பாங்கைச் சப்பாத்து மேசுக்குள்
ஒளித்து வைத்திருக்கிறான்.
எனக்குத் தெரியும்.
(என்னிடம் மூன்று.)

சனி இரவு ஏழு மணிக்கு மெயினை இறக்கினேன்.
எத்தனையோ வீட்டுக்கு ஏற்றிவிட்ட கை,
சொந்த வீட்டை இருட்டாக்கக் கொஞ்சம் யோசித்தது.
பிரிட்ஜ் ஒருமுறை தோளைக் குலுக்கி அடங்கியது.
அதன் பிறகுதான் கேட்டது
எங்கள் கிணற்றுக்குள் ஒரு தவளை இருப்பது.

யதுசா அழ ஆயத்தமானாள்.
நான் நெருப்புப்பெட்டியைத் தடவிக்கொண்டிருக்க
குசினிக்குள் ஏற்கெனவே ஒரு சுடர்.
ஜாம் போத்தல். அடியில் பஞ்சு.
சைக்கிள் வால்வுக்குள்ளால் இழுத்த திரி.
மண்ணெண்ணெய் பஞ்சு நனையும் அளவு,
அதற்கு மேல் ஒரு சொட்டில்லை.
விரல்கள் தாமாகவே செய்து முடித்து
அவளிடம் நீட்டியது போலிருந்தது.
"யூடியூப்பிலை பாத்தனீங்களோ அம்மா?"
"இல்லையடி, இதிலைதான் ஓ.எல் கணக்குப் படிச்சனான்."
"என்ன வந்தது?"
"சி."

முற்றத்தில் புட்டும் முட்டைப்பொரியலும்.
மணலுக்குப் பழகவேணும் என்று
யதுசா தன் கோப்பையில் ஒரு நுள்ளு மண் போட்டாள்.
கீர்த்தனன் புது ரோச்சை எடுத்தான்,
மாமரத்துக்கு மேலால் வானத்துக்கு அடித்தான்.
நீண்ட வெள்ளைத் தடி. அதன் முனை தெரியவில்லை.

"மேலை அடியாதை!"

நளாயினியின் குரல் இல்லை அது.
பதினைந்து வயதுப் பிள்ளை ஒருத்தியின் குரல்.
நான் எப்போது எழும்பினேன்?
ரோச்சின் முகத்தைப் பொத்திக்கொண்டு நின்றேன்,
என் விரல்கள் உள்ளால் சிவந்து தெரிந்தன.

"ஏன்?" என்றான்.
மேலே ஒன்றுமில்லை. வெள்ளிகள்தான்.
"பற்றறி முடிஞ்சிடும்," என்றாள்.
"புதுசம்மா."
"புதுசும் முடியும்."

அந்த நேரம் பார்த்துக் கேற்றடியில் செல்வச்சந்திரன்:
"அண்ணை, ஊரெல்லாம் எரியுது,
உங்கட வீட்டிலை மட்டும் இல்லை.
பில் கட்டேல்லையோ?"
யதுசா சிரித்த சிரிப்பில்
சுடர் சாய்ந்து பிறகு நிமிர்ந்தது.
அவரும் குந்திவிட்டார். புட்டில் பாதி அவருக்கு.

பத்தரைக்குக் கூடாரத்துள் நான்கு பேர்,
எட்டு முழங்கால், எங்களோடு சிக்கிய ஒரு நுளம்பு.
எல்லாரும் நித்திரை என்று நினைத்தபோது
கீர்த்தனன் கேட்டான்:
"அம்மா, அது பிளேனுக்கோ?"
நுளம்பு கூரையில் ஒரு சுற்றுச் சுற்றியது.
"மணற்காட்டிலை சொல்லுறன்," என்றாள்.
"இப்ப படு."

விடிய எழும்பி மெயினை ஏற்றினேன்.
பிரிட்ஜுக்குள் அரைக் கிலோ பாரை
இளகி, தண்ணீர் விட்டுக் கிடந்தது.
எந்தப் பட்டியலிலும் அது இல்லை.
நளாயினி மணந்து பார்த்தாள்,
இன்னொருக்கால் மணந்து பார்த்தாள்.
"புளி கூட விட்டால் சரிவரும்.
தேங்காயைத் துருவுங்கோ."
மிக்சியின் பிளக்கைக் கையில் எடுத்தவள்
கொஞ்ச நேரம் வைத்திருந்துவிட்டு
செருகினாள்.