அறுநூறு திருகாணி

ஆலையில் லாரிக்கு எடை போடுகிறவள் நான்.
குலையோடு வருவதும் வெறுமையாய்த் திரும்புவதும்
எனக்கு எண்தான்.
பின்னால் ஒரு மரத்தளம் போடலாமா என்று
பன்னீர் கேட்டபோது
முதலில் 555 புத்தகத்தைத்தான் தேடினேன்.

பீடோரில் எங்கள் தாமானின் கடைசி வரிசை.
சமையலறைக் கதவைத் திறந்தால் சேறு,
அப்புறம் செம்பனை,
செம்பனைக்கு அப்புறமும் செம்பனை.

சியோங் மரக்கடை தாப்பா ரோட்டில்.
செங்கால் சதுர அடி அறுபத்தைந்து வெள்ளி,
பேரன் காலத்துக்கும் நிற்கும் என்றார்.
பேரன் வரட்டும், அவனே வாங்கிக்கொள்வான் என்றேன்.
பாலாவ் நாற்பது. மெர்பாவ் முப்பத்திரண்டு.
கெம்பாஸ் இன்னும் மலிவு;
அது கறையானுக்கும் தெரியும்.

பத்துக்குப் பன்னிரண்டு, மெர்பாவ்:
மூவாயிரத்து எண்ணூற்று நாற்பது.
இதில் கூலி இல்லை,
காலுக்கு அடியில் கான்கிரீட் இல்லை,
லாரி வாடகை இல்லை, எண்ணெய் இல்லை.
இல்லை இல்லை என்று எழுதியே
ஒரு பக்கம் தீர்ந்தது.
தோடு அடகுக் கடைக்குப் போனது.
பன்னீர் என் காதைப் பார்க்கவில்லை,
அல்லது பார்த்தார்.

தச்சர் சஹ்னான், லொம்போக்காரர்.
பலகையை முகர்ந்துவிட்டு
ஈரம், இரண்டு வாரம் நிழலில் அடுக்குங்கள் என்றார்.
இரண்டு வாரம்
பலகை போர்ச்சில் தூங்கியது,
கார் மழையில் நின்றது.

அடித்தால் ஆணி வளையும், மரம் வளையாது.
முதலில் துளை, பிறகு திருகாணி.
பலகை முப்பது, குறுக்குச் சட்டம் பத்து,
சந்திக்கிற இடமெல்லாம் இரண்டு.
அறுநூறு.
இரும்பு என்றால் ஒன்று பத்து காசு,
துருப்பிடிக்காதது நாற்பத்தைந்து.
இருநூற்றுப் பத்து வெள்ளிக்காக
நான் அரைமணி நேரம் வாதாடினேன்.
அவர் பதில் பேசவில்லை.
ஒரு துண்டுப் பலகையில் இரும்புத் திருகாணியை முறுக்கி
வாளித் தண்ணீரில் போட்டுவிட்டுப் போனார்.
காலையில் பார்த்தால் அதைச் சுற்றி
அழுத கண்ணின் மைபோல் கறுப்பு.
கொடுத்தேன்.

பதினோரு பிட் ஒடிந்தன.
ஒவ்வொரு முறையும் சஹ்னான் ஏதோ முணுமுணுப்பார்,
நான் ஒன்பது வெள்ளி எழுதுவேன்.

பலகைக்கும் பலகைக்கும் நடுவே
தன் பென்சிலை வைத்து இடைவெளி விட்டார்;
மழையில் உப்ப அதற்கு இடம் வேண்டுமாம்.
கீழே எதையாவது எடுக்க வேண்டி வந்தால்
திறக்கிற மாதிரி ஒரு சின்னக் கதவு வைக்கலாம்,
எண்பது வெள்ளி என்றார்.
வேண்டாம் என்றேன்.
எங்காவது ஓரிடத்தில்
வேண்டாம் என்று சொல்லியாக வேண்டுமே.

முதல் மழைக்கு மரம் சிவந்து ஒழுகியது.
வேலிக்கு அடியில் புகுந்து
காக் ரொக்கியா வீட்டு வெள்ளைச் சிமெண்டில் போய் நின்றது.
எதை அறுத்தீர்கள் என்று கேட்டபடி வந்தார்.
மரம்தான், காக்.
இரண்டு பேரும் பிரஷோடு குந்தினோம்,
வெளுப்பு மருந்து ஏழு வெள்ளி,
அவர் கொண்டுவந்த பிசாங் கோரெங்
கணக்கில் வராது.

போனஸ் மாதம் தோட்டை மீட்டேன்.
வட்டியை மட்டும் எழுதவில்லை.

சனிக்கிழமை. ஆலைப் புகை
தாப்பா பக்கம் சாய்ந்த மாலை.
பன்னீர் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி போட்டு
தே தாரிக் ஆற்றிக்கொண்டிருந்தார்.
வலது காதில் மாட்டும்போது
விரல் வழுக்கியது.
எண்ணெய் பூசிய பலகையில் ஒரு டக்,
அப்புறம் சத்தமே இல்லை.

தோட்டின் திருகாணி.
அறுநூற்றொன்று.

குப்புறப் படுத்து, கன்னத்தைப் பலகையில் வைத்து
போன் விளக்கை இடுக்கில் பிடித்தேன்.
மரத்தூள்.
அசையாத ஒரு தவளை.
சஹ்னானின் பென்சில்.
தூண் ஓரத்தில் ஏதோ மினுங்குகிறது,
பொன்னாக இருக்கலாம்,
பதினொன்றில் ஒன்றாகவும் இருக்கலாம்.

எண்பது வெள்ளி
என்றார் பன்னீர் மேலிருந்து,
நுரையை ஊதியபடி.