கட்டில் பதினாலு

எல்லாரும் வாசிச்சு முடிச்ச ஆளை
நாற்பத்தொரு வயதிலைதான் கையிலை எடுத்தன்.
பஸ்ஸிலை, சலூன் வாங்கிலை, கிளினிக் வரிசையிலை
அவரின்ரை பேர் போட்ட அட்டையைக் கண்டிருக்கிறன்:
எப்பவும் ஒரு துவக்கு, ஒரு கண், சிவப்பிலை ஒரு கேள்விக்குறி.
"உது வாசிப்பில்லை" எண்டு
பட்டம் முடிச்ச என்ரை தங்கச்சி சொல்லுவாள்.
நானும் நம்பிக்கொண்டு இருந்திட்டன்.

கட்டில் பதினாலைத் துடைக்கேக்கை
மெத்தைக்கும் கம்பிக்கும் இடையிலை கிடந்தது.
யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரி, பெண்கள் விடுதி, இரவு ஒண்டரை.
ஒரு பக்கம் பாப்பம் எண்டு நிண்டபடி திறந்தன்.
ஏழாம் பக்கத்திலை கதிரையைத் தேடினன்.

மதராசிலை ஒரு பங்களா. பூட்டின அறை.
வட்டிக்கடை முதலாளி செத்துக் கிடக்கிறார்,
திறப்பு அவரின்ரை வாய்க்குள்ளை.

பதினோராம் பக்க ஓரத்திலை பென்சில்:
"மருமகன்தான். லேஞ்சியை ஏன் கழுவினவன்?"
எனக்கு முதுகு சில்லிட்டுது.
கொலைக்கில்லை;
எனக்கு முன்னாலை இந்தப் பாதையிலை
ஒருத்தி போயிருக்கிறாள் எண்டதுக்கு.

முப்பது: "மருமகன் இல்லை. நான் ஒரு மடைச்சி."
நாற்பத்திரண்டு: "டொக்டர். முகத்தைப் பாக்காமல் கதைக்கிறார்."
அதுக்குக் கீழை ரெண்டு கோடு, தாள் கிழியிற மாதிரி.
ஐம்பத்தைஞ்சு: "சமையல்காரரை விடுங்கோ, பாவம்.
பசிக்குதோ எண்டு கேட்டது அந்த மனிசன் மட்டும்தான்."

மூண்டாம் கட்டில் அம்மா தண்ணி கேட்டா, குடுத்தன்.
எட்டாம் கட்டிலிலை சேலைன் முடிஞ்சுது, மிஸ்ஸியை எழுப்பினன்.
திரும்பி வரேக்கையெல்லாம்
பிணம் விட்ட இடத்திலையே காத்துக்கொண்டு கிடந்தது.

நூற்றுப் பன்னிரண்டிலை
"நில்லுங்கோ, அந்த மணிக்கூடு"
அதோடை பென்சில் நிண்டுட்டுது.
மிச்சம் இருபத்தாறு பக்கமும் வெறும் ஓரம்.
தனியத்தான் போனன்.

சமையல்காரர்.
பசிக்குதோ எண்டு கேட்ட அதே மனிசன்.
விடிய நாலேகால்.
கத்திச் சொல்லோணும் போலை கிடந்தது.
விடுதி முழுக்க நித்திரை.

பதிவுக் கொப்பியைத் திறந்து விரலாலை இறங்கினன்.
கட்டில் பதினாலு: அந்தோனிப்பிள்ளை ஜசிந்தா,
முப்பத்தாறு, நாவாந்துறை.
கடைசி நிரலிலை: மகரகமைக்கு மாற்றம்.
அந்த ஊரின்ரை பேரைக் கேட்டால்
இஞ்சை ஒருத்தரும் என்ன வருத்தம் எண்டு கேக்கிறேல்லை.

இருபத்தாறு பக்கத்தையும் சேத்துப் பிடிச்சு
காயத்துக்கு ஒட்டுற பிளாஸ்டரைச் சுத்தி ஒட்டினன்.
வேலை முடிய சைக்கிளை நாவாந்துறைக்கு விட்டன்.
வலை காயுற வாசலிலை ஒரு பெடியன்,
வாய் நிறையப் பற்பசை.
புத்தகத்தைத் திருப்பிப் பாத்தான்,
பிளாஸ்டரைத் தடவினான், துப்பிப்போட்டுக் கேட்டான்:
"ஆர் அன்ரி செய்தது?"
"அம்மா வந்து சொல்லுவா."
சொன்னாப் பிறகுதான்
நான் என்னத்தைச் சொல்லிப்போட்டன் எண்டு விளங்கிச்சுது.

பஸ் நிலையத்துக் கடையிலை
அதே ஆளின்ரை இன்னொரு புத்தகம் வாங்கினன்,
ஒரு பென்சிலும்.
ஒன்பதாம் பக்கத்திலேயே எழுதினன்:
"ஜசிந்தா, சாப்பாடு குடுக்கிறவரிலை ஒரு கண் வையுங்கோ."

பிறகு அழிச்சன்.
அது மற்றதைக் காட்டிக் குடுத்திடும்.