பதினாலாவது சீசன்

மார்த்தாண்டம் மேம்பாலத்துக்குக் கீழே
எட்டுக்கு ஆறடி கடை எனக்கு.
மேலே பஸ் போனால்
டப்பாவுக்குள் ஸ்க்ரூக்கள் நடுங்கும்.
அது பழகிவிட்டது.
புது மாடல் வருகிற சத்தம்தான்
இன்னும் பழகவில்லை.

தூத்தூர் கிளீட்டஸ்
முப்பத்தெட்டு நாள் கடலில் கிடந்து
கொச்சியில் மீனை இறக்கி
ஒரு ராத்திரி வீட்டில் உறங்கி
மறுநாள் என் கவுண்டரில் வந்து நின்றான்.
"பிள்ளே, இதுக்கொரு பேட்டரி வேணும்."

உப்புப் பூத்த கேம் மெஷின்.
பின்மூடியைத் திறந்தேன்.
எண்ணெயில் போட்ட பப்படம்போல
பேட்டரி பொங்கியிருந்தது.

"இது இப்பம் வருகதில்லே அண்ணே.
இதுக்குப் பொறவு மெலிசா ஒண்ணு வந்தாச்சு,
பின்னே பெரிய திரையில ஒண்ணு,
பின்னே அதே சாமானம் கொஞ்சம் வேகமா.
போன வாரம் பச்சை நிறத்தில."

அவன் விரல் மடக்கினான்.
"வாங்கி ரெண்டு வருசம். பதினாறு மட்டம் கடலுக்குப் போனேன்.
நாலு மட்டத்துக்கு ஒண்ணு எறக்குகானுவ.
ஒவ்வொருக்கா நான் கரையேறும்போ
கரையத் தள்ளி வச்சிருக்கானுவ."

போட்டில் பதினோரு பேர்.
எண்ணிக்கை சரியாக இருந்ததால்
ஆட்டத்துக்குள்ளும் ஒரு ஃபுட்பால் அணி,
அவரவர் பெயரில்.
வலை இழுத்த கை காய்ந்ததும்
ஆளுக்குக் கால்மணிக்கூர்.
இப்போது பதினாலாவது சீசன்.
சமையல்காரன் ஜெரோன்ஸ் கத்தாருக்குப் போய்
வருடம் ஒன்றாகிறது.
இதில் இன்னும் அவன்தான் கோலி.

"புதுசு எடுத்தா எனக்க டீம் அதுல ஏறுமா?"
"ஏறாது."
"ஒண்ணாம் சீசன்லயிருந்தா?"
"ஒண்ணிலயிருந்து."

அவன் பக்கம் சாய்ந்து பேச ஆசைதான்.
ஆனால் என் கடை வாடகை
அவசரக்காரர்கள் தருவது.
குலசேகரத்திலிருந்து ஒரு பையன் வருவான், ஷாரோன்.
ஒவ்வொரு மாடலுக்கும்
கீறல் விழாத பழசைத் தந்துவிட்டுப் போவான்.
அழிக்கும்முன் திறந்து பார்ப்பேன்:
ஏழு ஆட்டம்,
எதிலும் முதல் கட்டம் தாண்டவில்லை.
அவன் அப்பாவுக்கு ரப்பர்த் தோட்டம்.
நட்டால் ஏழு வருடம்
கத்தி படாது மரத்தில்.

வராதே என்று கம்பெனிக்குச் சொல்ல
எனக்கு வாயில்லை.
வரட்டும்.
வருடத்துக்கு ரெண்டு வேண்டுமானாலும் வரட்டும்.
வருகிறவன்
போன வருடத்து மெஷினுக்கு
ஒரு பேட்டரி செய்வதை நிறுத்தாமல் வரட்டும்.
இவ்வளவுதான். இதை எந்த முகவரிக்கு எழுத?

ஷாரோனின் பழசு அலமாரியில் இருந்தது,
கிளீட்டஸுடையதன் அச்சு.
நாலாயிரத்து ஐநூறுக்கு விற்றிருக்கலாம்.
வயிற்றைத் திறந்து பேட்டரியை எடுத்தேன்.
எண்ணூறு வாங்கினேன்.
எழுநூறு என்று சொல்லியிருக்கலாமோ என்று
அவன் பஸ் ஏறிய பிறகு தோன்றியது.

கூடு மட்டும் மிச்சம்.
யாராவது பட்டன் கேட்டு வருவார்கள்.

நேற்று ராத்திரி போனில் வந்தது அறிவிப்பு.
மறுபடி ஒன்று.
விலை, நிறம், தேதி.
ஷாரோன் ரெண்டு தடவை கூப்பிட்டுவிட்டான்.
தேதியை எண்ணிப் பார்த்தேன்.
அன்று கிளீட்டஸுக்குக் கடலில் இருபத்திரண்டாம் நாள்.
சிக்னல் எட்டாத தூரம்.

ஜெரோன்ஸ் கோலில் நிற்கிறான்.
இரண்டாம் பாதி தொடங்கியிருக்கும்.