பத்தாம் நம்பர் ஸ்பேனர்

மழை வருமா வராதா என்று
ஆவாரம்பாளையத்துத் தகரக் கூரைகள்
யோசித்துக்கொண்டிருந்த பிற்பகலில்
திரும்பி வந்த முதல் கிரைண்டரை
மேசைமேல் கவிழ்த்தேன்.

பன்னிரண்டு வருஷ மாவு
விளிம்பில் சுண்ணாம்பாய் இறுகியிருந்தது.
உள்ளே கரப்பான் கூடு ஒன்று, காலி.
நான்கு போல்ட்டு, ஒரே ஸ்பேனர்:
மோட்டார் தனி, டிரம் தனி, கல் தனி.
ஆறு நிமிஷம் என்றான் வெள்ளியங்கிரி,
செல்போனில் நேரம் பார்த்து.

அன்றைக்குக் காஸ்டிங் பொங்கியண்ணன் சொன்னது
இன்னும் காதில் இருக்கிறது:
"ஒட்டிப்போட்டா பீசுக்குப் பதினோரு ரூவா மிச்சமுங்க.
அவிங்க எதுக்குங்க கழட்டோணும்?
கெட்டுப்போனாப் புதுசு வாங்கட்டும்."
பதில் சொல்லத் தெரியவில்லை.
ஒட்டிய மாதிரியை எடுத்துவந்து
எல்லார் முன்பும் உளி வைத்துப் பிளந்தேன்.
எதுவும் முழுசாய் வரவில்லை.
அதற்கும் யாரும் மசியவில்லை;
மூடியின் குரோம் வளையத்தை விட்டுக்கொடுத்துத்தான்
போல்ட்டை வாங்கினேன்.

அப்புறம் ஐந்து மாடல், ஒன்பது நிறம்.
துளைகளின் இடைவெளியை மட்டும் தொடவிடவில்லை.
நூற்றிப்பத்து மில்லிமீட்டர்.
முதுகுக்குப் பின்னால் எனக்கு
நூத்திப்பத்தம்மா என்று பெயர்.

அதனால் இந்தப் பழைய மோட்டார்
செம்பு மாற்றிச் சுற்றினால் போதும்,
போன மாதம் பிறந்த உடம்பில்
கேள்வி கேட்காமல் உட்காரும்.
கல்லைக் கொத்திவிட்டால் கல்.

டிரம்மைத் துடைத்தபோதுதான் பார்த்தேன்,
வயிற்றில் புள்ளி புள்ளியாய் வெட்டியிருந்ததை:
"க. தேன்மொழி. மாமன் சீர். பெருந்துறை."

"பஃபிங் போட்டாப் போயிருமுங்க" என்றான்.
போகும்.
கூடவே கால் மில்லி எஃகும் போகும்.
போகாவிட்டால் யார் வாங்குவார்,
இன்னொருத்தியின் சீரை?

போல்ட்டுக்கு இடம் வைத்தேன்,
ஸ்பேனர் திரும்ப இடம் வைத்தேன்,
கல் தேய்ந்தால் இறக்க இரண்டு வாஷர் வைத்தேன்.
பெயருக்கு வைக்கவில்லை.

சாயங்காலம் வரைந்தது:
விரல் நீளத் தகடு, இரண்டு திருகு.
வெட்டுகிறவர்கள் இதில் வெட்டட்டும்;
போகும்போது கழற்றிக்கொண்டு போகட்டும்.
ஒன்றே முக்கால் ரூபாய்.
பொங்கியண்ணன் கேட்பார். கேட்கட்டும்.

தேன்மொழியின் டிரம்மைப் பஃபிங்குக்கு அனுப்பவில்லை.
என் மேசையடியில் கிடக்கிறது,
கழற்றிய போல்ட்டுகளைப் போட்டு வைக்க.
கையை விட்டுத் துழாவும்போதெல்லாம்
லேசாய்ப்
புளித்த மாவு வாசம்.