பெயர் மாற்றம் செய்யப்படாத இணைப்புகள்

இரண்டு மாதத்துக்கு ஒருமுறை
தஞ்சாவூர் கீழவாசலில்
இந்தத் தெருவுக்குள் வருகிறேன்.
மாநகராட்சிப் பலகையில் ஏழாம் குறுக்குத் தெரு.
அப்படிக் கேட்டால் யாருக்கும் தெரியாது.
யானைகட்டிச் சந்து என்றால்
நாய்கூட வழிகாட்டும்.

யானை யாருடையது என்பதில்
டீக்கடைக்கும் இஸ்திரிக் கடைக்கும்
இன்னும் தீராத வழக்கு.
நாயக்கர் என்பார் ஒருவர்
மராட்டியர் என்பார் மற்றவர்.
யானைக்குச் சாணி அள்ளியவர் பெயரை
இருவருமே சொன்னதில்லை.

என் கையிலிருப்பது வேறு கணக்கு.
இணைப்பு எண், பெயர், அளவு.
வாரியத்தின் ஏட்டில்
செத்தவர்கள் சாவதில்லை.

மூன்றாம் எண் சகாராம் ராவ்.
கதவு திறப்பது பெனாசிர்.
கூடத்தில் நான்கு தையல் மிஷின்,
ஜூன் வந்தால் மலைபோல் பள்ளிச் சீருடை.
நிலைக்கு மேலே மராட்டியில் ஏதோ செதுக்கியிருக்கிறது.
சுண்ணாம்பு அடிக்கும்போதெல்லாம்
அந்த எழுத்தை மட்டும் சுற்றிக்கொண்டு போகிறது மட்டை.
ஏன் என்றேன்.
"என்ன எழுதியிருக்குன்னே தெரியாம
எப்படிக்கா அழிக்கிறது?"

ஐந்து, துளசிராம் சகோதரர்கள்.
பட்டு நொடித்து மதுரைக்குப் போனார்கள்,
சேலத்துக்கு என்றும் சொல்கிறார்கள்.
நடுவில் சுவர் எழுப்பி
ஒரு பாதியில் பல் டாக்டர்
மறுபாதியில் பாரஸ்மல் அடகுக் கடை.
பாரஸ்மல் மகள் வண்டியை மறித்து நிறுத்துகிறவர்களை
அசல் கீழவாசல் தமிழில் வைவாள்.
டாக்டர் கோயம்புத்தூர்.
அவருக்குத்தான் பாதி விளங்காது.

பதினான்கு, கங்குபாய் அம்மாள்.
உள்ளே பதினோரு ஆண்கள், மால்டா பக்கம்.
கல்லணைக்குத் தண்ணீர் வருமுன்
ரயிலில் இவர்கள் வந்துவிடுகிறார்கள்.
விடியுமுன் மினி லாரி.
அம்மாபேட்டை வயல்களில் குறுவை நாற்று
இப்போது வங்காளப் பாட்டு கேட்டு வேர் பிடிக்கிறது.
சுபல் மண்டல் ரசீதை நான்காக மடித்தபடி கேட்டான்,
இரண்டு நடவில் கற்ற தமிழில்:
"கங்குபாய் யாரு அக்கா?"
எனக்கும் தெரியாது.
அந்தம்மாள் பெயருக்கு வந்த ஒரு எல்.ஐ.சி. கடிதத்தை
அரிசி டப்பாவுக்குள் பத்திரமாக வைத்திருக்கிறான்.
வந்தால் கொடுக்க.

பத்தொன்பதில் போன தை மாதம்
வீடு வாடகைக்கு என்று அட்டை தொங்கியது.
ஆபீஸுக்குப் பக்கம். கேட்டேன்.
வாடகை, அட்வான்ஸ், தண்ணீர் வசதி,
எல்லாம் சொல்லிவிட்டுக் கடைசியில்
"தப்பா நினைக்காதீங்க, நீங்க எந்த ஊரு?"
ஊரைச் சொன்னேன்.
"ஊர்ல எந்தப் பக்கம்?"
அந்த வீடு இன்னும் பூட்டித்தான் கிடக்கிறது.
பயன்பாடு பூஜ்யம் என்று
என் கையாலேயே பதிகிறேன்.

அப்பா பக்கிரிசாமி இதே தெருவில் கம்பம் ஏறியவர்.
எழுபத்து மூன்றில் அளவெடுக்கவும் அவரையே அனுப்பினார்கள்.
அந்த ஒரே வருடத்தில் பதினாறு மனுக்கள்.
கூடத்திலிருக்கும் மீட்டரை
வாசலுக்கு மாற்றித் தரக் கோருகிறோம்,
காரணம்: கணக்கெடுக்க வருபவரின் வசதி.
கட்டு இன்னும் ஆபீஸ் பீரோவில்.
ராவ், அய்யர், நாயுடு, முதலியார்,
வீட்டுக்குள் நாலு பாஷை பேசியவர்கள்
எழுத்துப் பிசகாமல் ஒரே வாசகம்.
கையெழுத்து ஒவ்வொன்றும் முத்து முத்தாக.

எட்டாம் எண் மட்டும் மனுப் போடவில்லை.
ரங்கூன் மரியதாஸ், இணைப்பு அறுபத்தாறு.
பேரன்கள் பழைய பஸ் ஸ்டாண்டில் அத்தோ விற்கிறார்கள்.
மீட்டர் இன்றைக்கும் அடுப்பங்கரைக் கதவுக்கு மேலே.
செருப்பை விட்டு, கூடம் கடந்து,
வேகும் நூடுல்ஸுக்குப் பக்கத்தில்
முக்காலி போட்டு ஏற வேண்டும்.
கண்ணாடி முழுக்க எண்ணெய்ப் பிசுக்கு.
முதலில் ஒன்றுமே தெரியாது.
துப்பட்டா நுனியால் துடைத்துவிட்டு
சத்தமாகப் படிக்கிறேன்.
கீழே ஒருவர்
முக்காலியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்.