முள் அந்தப் பக்கம்

ஜப்பானில் ஏதோ மழலையர் பள்ளிக்கு ஓடிய வேன்.
கதவில் இன்னும் ஒரு முயல் சிரிக்கிறது,
பக்கத்தில் எனக்குப் படிக்கத் தெரியாத எழுத்து.
கப்பலில் வந்திறங்கியதும்
ஸ்டியரிங்கை வலமிருந்து இடத்துக்கு மாற்றினார்கள்.
முள் காட்டும் தட்டை மாற்றவில்லை.
அதற்குத் தனிக் காசாம்.

ஆகவே பொலிவியாவில்
என் வண்டியின் சூடு எனக்குத் தெரியாது.
முன்சீட்டில் உட்காருபவருக்குத்தான் தெரியும்.

கரனாவியில் ஆரஞ்சு மூட்டை ஏற்றும்போது
முள் நடுவில் நிற்கும், சமர்த்தாக.
முழங்கையில் வியர்வை சொட்டும் அந்தப் பள்ளத்தில்
எஞ்சினுக்கு ஒரு குறையும் இல்லை.
மேலே, லா கும்ப்ரே கணவாயில்,
கண்ணாடியில் பனி ஒட்டுகிற குளிரில்,
கொதிக்கும்.

மெக்கானிக் இலாரியோன் முதலில் தெர்மோஸ்டாட் என்றான்.
மாற்றினோம். கொதித்தது.
ஃபேன் பெல்ட். கொதித்தது.
ரேடியேட்டரைக் கழற்றிக் கழுவினோம்,
வந்த துருவில் இரண்டு ஆணி அடித்திருக்கலாம்.
பிறகு வாட்டர் பம்ப். நானூற்று இருபது பொலிவியானோ,
மைத்துனன் கல்யாணத்துக்கு எடுத்து வைத்த காசு.
மூன்றாம் நாள் அதே வளைவில்,
எப்போதோ கவிழ்ந்த பஸ்ஸுக்கு நட்ட சிலுவைகளின் பக்கத்தில்,
வெள்ளையாய்ப் புகைந்தது.

"ஹெட் கேஸ்கெட்டாக இருக்கும்" என்றான் இலாரியோன்,
டாக்டர்கள் புற்றுநோய் சொல்லும் குரலில்.
ஆயிலில் பால் நிறம் தேடினேன். இல்லை.
சைலன்சரை மோந்தேன். இனிப்பு வாடை இல்லை.
பூமித்தாய்க்கு ஏதோ கோபம் என்றார் ஒரு பயணி.
நான்கு டயருக்கும் சாராயம் தெளித்தேன்.
எஞ்சின் அதையும் வாங்கிக்கொண்டு கொதித்தது.

அந்த வியாழக்கிழமை முன்சீட்டில் எவரிஸ்தா.
எல் ஆல்டோ சந்தையில் ஆட்டுத்தலை சூப் விற்பவள்,
முப்பது வயதிருக்கும். தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு
கேட்காமலே சொல்லிக்கொண்டு வந்தாள்:
"நடுவில்."
"நடுவுக்குக் கொஞ்சம் மேல்."
"மேல்."
"ஐயா, இனி ஏற இடமில்லை."

நிறுத்தினேன். மூடியில் கை வைக்கவில்லை.
ஒருமுறை வைத்ததன் கணக்கு மணிக்கட்டில் இருக்கிறது.
நாற்பது நிமிடம். பதினான்கு பேர்
போர்வைக்குள்ளிருந்து என்னையே பார்த்தார்கள்.
லாமா ஒன்று வந்து, எட்டிப் பார்த்துவிட்டு, போனது.

"கீழே கொதிக்காதா?" என்றாள்.
"கொதிக்காது."
"எங்கள் ஊரில் உருளைக்கிழங்கும் அப்படித்தான்.
திறந்த பானையில் தண்ணீர் அவசரமாய்த் தளதளக்கும்,
கிழங்கு கல்லாய்க் கிடக்கும்.
குக்கர் இல்லாமல் அங்கே சூப் கடை நடத்த முடியுமா?
வாஷர் போனால் அன்று என் பிழைப்பே போச்சு.
உங்கள் பானைக்கு மூடி எப்படி?"

ஆறிய பின் பழந்துணி சுற்றித் திறந்தேன்.
அவள் ஸ்பிரிங்கைக் கட்டைவிரலால் அமுக்கினாள்.
உள்ளே போனது. திரும்பி வரவில்லை.
ரப்பர் வளையம் நகம் பட்டதும்
காய்ந்த ரொட்டி ஓரம்போல் உதிர்ந்தது.

மேலே காற்று மெலிந்தது.
எண்பத்தைந்து டிகிரியிலேயே தண்ணீர் பொறுமை இழந்துவிடும்.
கீழே, கனத்த காற்றே
இத்தனை நாளும் எனக்கு மூடியாய் இருந்திருக்கிறது.

தண்ணீர் நிரப்பி, ஹீட்டரை முழுக்கத் திறந்தேன்,
எஞ்சின் சூட்டைக் கொஞ்சம் எங்கள் கால்களுக்கு இறக்க.
பின்சீட்டில் யாரோ கைதட்டினார்கள்.
உச்சி வரைக்கும் எவரிஸ்தா முள்ளை வாசித்தாள்,
ரேடியோவில் கால்பந்து சொல்கிறவர்போல,
மூச்சு விடாமல்.

புது மூடி முப்பத்தைந்து பொலிவியானோ.
அவளிடம் டிக்கெட் காசு வேண்டாம் என்றேன்.
"நான் சூப்பைச் சும்மா தருவேனா?" என்று
கையில் திணித்துவிட்டு இறங்கினாள்.

இப்போது முள் நடுவைவிட்டு நகர்வதில்லையாம்.
முன்சீட்டுக்காரர்கள் தூங்கிவிடுகிறார்கள்.
நான் எழுப்பி எழுப்பிக் கேட்கிறேன்.
கழற்றிப் போட்ட பழைய பம்ப்
சீட்டுக்கடியில் ஒவ்வொரு வளைவுக்கும் உருள்கிறது.
அதில் ஒரு கோளாறும் இல்லை.